அது டிவி சத்தம் இல்லை

தம்பி,

வழக்கமாக நான் எழுதும் முதல் வரி இந்தக் கடிதத்தில் இல்லை. நீ நாக்பூர் ஹாஸ்டலில் இருந்த நாலு வருடமும் என்னிடமிருந்து வந்த எல்லாக் கடிதமும் ‘இங்கு அனைவரும் நலம்’ என்றுதான் ஆரம்பித்தது. அதை எழுதிவிட்டால் பேனா தானாகப் பழைய தடத்தில் ஓட ஆரம்பித்துவிடும். அதனால்தான் விட்டுவிட்டேன். உனக்குத் தமிழ் வாசிக்க நேரமாகும் என்பதும் தெரியும். அதற்காகத்தான் எழுத்தைப் பெரிதாக எழுதியிருக்கிறேன். இங்கிலீஷில் எழுதியிருக்கலாமே என்று நீ நினைக்கலாம். முப்பது வருஷம் சர்க்கார் ஃபேக்டரியில் இன்ஸ்பெக்‌ஷன் ரிப்போர்ட் எழுதிய இங்கிலீஷ் என்னுடையது. அதில் ‘ரிஜெக்டெட்’ என்று எழுதத் தெரியும், மன்னிப்புக் கேட்கத் தெரியாது. அதனால் அம்மா உன்னைச் சமையலறை மேஜையில் உட்கார வைத்துச் சொல்லிக்கொடுத்த தமிழிலேயே எழுதுகிறேன். மெதுவாகப் படி. நானும் மூன்று நாளாக எழுதிக்கொண்டிருக்கிறேன்.

போன ஞாயிற்றுக்கிழமை நீ உன் வாகட் ரூமிலிருந்து பைக்கில் ஹடப்சருக்கு, நம் வீட்டுக்கு வந்தாய். அடுத்த சனிக்கிழமை வெளிநாட்டு வேலைக்கு விமானம் ஏறப் போகிறவன், சொல்லிக்கொண்டு போக வந்தாய். ரெண்டு வருஷம் என்றாய், நீட்டினாலும் நீட்டுவார்கள் என்றாய். நான் சின்ன வெங்காய சாம்பார் வைத்து உருளைக்கிழங்கு வறுத்திருந்தேன். சாப்பிட்டு முடித்து, ஹெல்மெட்டைக் கையில் எடுத்துக்கொண்டு வாசல்வரை போனவன் திரும்பி நின்று, “அப்பா, நீங்க பக்கா நல்லா இருக்கீங்கள்ல?” என்று கேட்டாய். “எனக்கென்னலே, குத்துக்கல்லு மாதிரி இருக்கேன்” என்றேன். நீ படியிறங்கிப் போய்விட்டாய். சோபாவில் மடித்துப் போட்டிருந்த பேப்பருக்கு அடியில் என்ன இருந்தது என்று உனக்குத் தெரியாது. அதைக் கடைசியில் சொல்கிறேன். அதற்கு முன்னால் சொல்ல வேண்டியது ஒன்று இருக்கிறது. அம்மாவைப் பற்றி உன்னிடம் நான் ஒரு பொய் சொன்னேன். நாலு வருஷமாக அந்தப் பொய்யை நம்பிக்கொண்டு நீ அவள்மேல் கோபமாக இருக்கிறாய். நீ இந்த ஊரை விட்டுக் கிளம்புவதற்குள் அதை நான் எடுத்தாக வேண்டும்.

தனியாக வாழக் கிளம்பும் பிள்ளைக்கு அப்பன்மார் புத்திமதி எழுதுவது வழக்கம்தான். எனக்கும் ஆசை இல்லாமல் இல்லை. ஆனால் அரிசிக்கு எவ்வளவு தண்ணீர், வீட்டு ஓனரிடம் எப்படிப் பேசுவது எல்லாம் உனக்கே தெரியும். மூன்று பையன்களோடு வாகட்டில் குடித்தனம் நடத்தியவன் நீ. உன் ரசம் என் ரசத்தைவிட நன்றாக இருக்கிறது, ஒத்துக்கொள்கிறேன். எனக்குத் தெரிந்தது எல்லாம் நான் தப்புச் செய்து தெரிந்துகொண்டது. புத்திமதி என்று தனியாக எதுவும் கிடையாது. நடந்ததைச் சொல்கிறேன், வேண்டியதை நீ எடுத்துக்கொள்.

உன்னையும் அம்மாவையும் நான் பூனாவுக்குக் கூட்டிக்கொண்டு வந்தபோது உனக்கு ஒன்பது வயது. இப்போது எல்லோரும் புனே என்கிறார்கள், எனக்கு வாயில் பூனாதான் வருகிறது. பாளையங்கோட்டையில் முதல் பெஞ்சில் உட்கார்ந்திருந்த பிள்ளை, இங்கே இந்தியும் தெரியாமல் மராத்தியும் தெரியாமல் நாலாம் வகுப்பில் போய் உட்கார்ந்தாய். சாயங்காலம் அம்மா, “எய்யா, ஸ்கூல் எப்படி இருந்துச்சு?” என்று கேட்பாள். நீ, “நல்லா இருந்துச்சும்மா” என்பாய். ஆறு மாதம் இப்படியே ஓடியது. கடைசியில் நீ காக்கு என்று கூப்பிடுகிற எதிர்வீட்டு மராத்தி அத்தைதான் ஒருநாள் கதவைத் தட்டி, இந்தியும் சைகையுமாக விஷயத்தைச் சொன்னார். அவர் மகனும் உன் பள்ளிதானே. மத்தியானம் பிள்ளைகள் உன் தயிர்சாதத்தைப் பார்த்துச் சிரிக்கிறார்களாம், நீ டிபன் டப்பாவை எடுத்துக்கொண்டு மாடிப்படிக்கு அடியில் போய்த் தனியாக உட்கார்ந்து சாப்பிடுகிறாயாம். அம்மா அழுதுவிட்டாள். ஏன்லே சொல்லவில்லை என்று நான் உன்னைச் சத்தம் போட்டேன். “நீங்க ரெண்டு பேரும் வருத்தப்படுவீங்கள்ல” என்றாய். ஒன்பது வயதில்! அதைக் கேட்டு நான் என்ன செய்தேன் தெரியுமா? பெருமைப்பட்டேன். எவ்வளவு பொறுப்பான பிள்ளை என்று ஃபேக்டரியில் நாலு பேரிடம் சொல்லிக்கொண்டேன். உண்மையில் அன்றைக்கு நான் பயந்திருக்க வேண்டும்.

அதை நீ எங்கே கற்றாய் என்று நான் யோசிக்கவே இல்லை. அதே வருடம்தான் எனக்கு வர வேண்டிய பதவி உயர்வு என்னைத் தாண்டி, என்னிடம் வேலை படித்த ஒருவனுக்குப் போனது. ஒரு மாதம் வீட்டில் நான் மூச்சுவிடவில்லை. “லிஸ்ட் இன்னும் வரலே” என்று தினமும் சொன்னேன். அம்மாவுக்கு முதல் வாரமே தெரிந்துவிட்டது, காய்கறி வண்டிக்காரனிடம் நிற்கும்போது யாரோ சொல்லிவிட்டார்கள். தனக்குத் தெரியும் என்று காட்டிக்கொண்டால் நான் கூசிப்போவேன் என்று, அவளும் தினமும், “வந்துரும், கவலப்படாதிய” என்று சொல்லிக்கொண்டே தோசை ஊற்றினாள். ரெண்டு ரூம் வீட்டில் மூன்று பேர். மற்றவர் மனம் நோகக்கூடாது என்று ஆளுக்கு ஒன்றை ஒளித்துவைத்துக்கொண்டு, மூன்று பேரும் தனித்தனியாக இருந்தோம். அதைத்தான் அன்பு என்று நினைத்தோம். நாளைக்கு உனக்கு ஒருத்தி வருவாள். உன் முகத்தைப் பார்த்து என்ன என்று கேட்பாள். ஒன்றுமில்லை என்று சொல்லிவிடாதே. சொல்வதற்குக் கஷ்டமாக இருந்தால், கஷ்டமாக இருக்கிறது, நாளைக்குச் சொல்கிறேன் என்றாவது சொல். ஒன்றுமில்லை என்ற வார்த்தை நம் வீட்டைப் பாழாக்கியது.

இன்னொன்று, நீ மறந்திருக்க மாட்டாய். நீ பன்னிரண்டாம் வகுப்பு எழுதிய வருடம் நம் வீட்டில் டிவிக்குத் துணி போட்டு மூடியிருந்தது. சாமி படத்துக்குப் பக்கத்தில் உன் பரீட்சை டைம்டேபிளை ஒட்டி, அதற்கும் அம்மா குங்குமம் வைத்திருந்தாள். கெமிஸ்ட்ரி பரீட்சைக்கு முன்னால் நான் ஸ்கூட்டரிலிருந்து விழுந்து மணிக்கட்டு உடைந்தது. உனக்குத் தெரியக்கூடாது என்று முழுக்கைச் சட்டைக்குள் மாவுக்கட்டை மறைத்துக்கொண்டு, உன்னோடு உட்கார்ந்து சாப்பிடாமல், ஆபீசில் வேலை அதிகம் என்று பத்து நாள் ஓட்டினேன். பரீட்சை முடிந்த அன்று சட்டையை மடித்துக் காட்டினோம், ஏதோ மேஜிக் காட்டுகிற மாதிரி. நீ சிரிக்கவில்லை. “நான் தண்ணிகூட எடுத்துத் தரலையே அப்பா” என்றாய். அந்த வார்த்தை எனக்கு அன்று காதில் ஏறவே இல்லை. அந்தக் கதையை எத்தனை கல்யாண வீட்டில் சொல்லிச் சிரித்திருப்பேன்! கேட்டவர்கள் எல்லோரும், பிள்ளைக்காக இப்படி ஒரு அப்பாவா என்றார்கள். அந்தப் பாராட்டு என் தலைக்கேறியிருந்தது. அம்மா விஷயத்தில் நான் செய்ததற்கு அங்கேதான் தைரியம் கிடைத்தது என்று இப்போது நினைக்கிறேன்.

இனி அம்மா விஷயம். இதை எழுதத்தான் மூன்று நாள்.

ஹோலி லீவுக்கு நீ வந்தபோதே அவளுக்கு வயிற்றில் வலி இருந்தது. உனக்கு முறுக்குச் சுட்டுக்கொண்டிருந்தவள் பாதியில் அடுப்பை அணைத்துவிட்டுத் தரையில் உட்கார்ந்துவிட்டாள். “ஏன்மா உக்காந்துட்டே?” என்று நீ கேட்டாய். “கால் கடுக்கு எய்யா” என்றாள். நீ நாக்பூர் போனபிறகு டாக்டரிடம் போனோம். வயிற்றில் கட்டி, சீக்கிரம் எடுக்க வேண்டும் என்றார்கள். உன் கடைசி வருடப் பரீட்சைக்குச் சரியாக ஒரு மாதம் இருந்தது. உனக்குச் சொல்ல வேண்டாம் என்று அப்போது ரெண்டு பேரும் சேர்ந்துதான் முடிவு செய்தோம், அதில் பொய் இல்லை. “ஆப்பரேஷன் முடிஞ்சு வீட்டுக்கு வந்துருவேன், அவனும் பரீட்ச முடிஞ்சு வந்துருவான், அப்பச் சொல்லிக்கிடலாம்” என்றாள். ஆப்பரேஷன் நல்லபடியாக முடிந்தது. நாலாம் நாள் காய்ச்சல் வந்தது. அது போகவில்லை. புண்ணில் சீழ் பிடித்துவிட்டது என்றார்கள், மருந்தை மாற்றினார்கள், மறுபடி திறந்து சுத்தம் செய்தார்கள். அவள் கட்டிலோடு கட்டிலாக ஆகிவிட்டாள். அங்கே நீ முதல் பேப்பர் எழுத ஆரம்பித்தாய்.

உன் டைம்டேபிளை நான் மடித்துச் சட்டைப்பையில் வைத்திருந்தேன். ஆறு பேப்பர், ஒன்றுக்கும் அடுத்ததுக்கும் நடுவே மூன்று நாலு நாள் இடைவெளி. நாக்பூரிலிருந்து ஒரு ராத்திரி ரயில். நீ வந்து பார்த்துவிட்டுத் திரும்பிப் போய் எழுதியிருக்கலாம், தம்பி. அது எனக்கு அப்போதே தெரியும். மூன்றாவது பேப்பர் முடிந்த மறுநாள் காலையில், நான் அவளுக்குக் கஞ்சி கொடுத்துக்கொண்டிருந்தேன். ரெண்டு ஸ்பூனுக்குமேல் வேண்டாம் என்று கையைத் தள்ளினாள். பிறகு சொன்னாள், “அவனப் பாக்கணும் போல இருக்குங்க. ஒரு நா வந்துட்டுப் போட்டுமே. போன் போடுங்க.”

அம்மா உன்னைக் கேட்டாள், தம்பி. நீ தெரிந்துகொள்ள வேண்டியது இதுதான். அவள் உன்னைக் கேட்டாள்.

நான் என்ன பதில் சொன்னேன் என்பதையும் எழுதிவிடுகிறேன். “இன்னும் மூணே பேப்பர்தான். இந்தக் கோலத்துல உன்னப் பாத்தா அவன் எப்படிப் போயி எழுதுவான்? நாலு வருஷம் படிச்ச படிப்ப நீயே கெடுக்கணுமா?” என்றேன். கேட்டாயா? நீயே கெடுக்கணுமா என்று கேட்டேன். அவள் என் முகத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். “சரி” என்று சொல்லிவிட்டுச் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டாள். நான் மீதிக் கஞ்சியைக் கொண்டுபோய்க் கொட்டிவிட்டு டம்ளரைக் கழுவினேன்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை காலை பத்து மணிக்கு, வழக்கம்போல உன் ஹாஸ்டலுக்குப் போன் செய்ய வேண்டும். செய்யாவிட்டால் நீ சந்தேகப்படுவாய். காக்குவின் மகன் தன் மொபைலைக் கொடுத்திருந்தான். நான் அவளை நிமிர்த்தி உட்காரவைத்து, முதுகுக்கு ரெண்டு தலையணை கொடுத்து, தொண்டை நனைய வெந்நீர் கொடுத்து, போனைக் காதில் பிடித்தேன். நீ, “அம்மா, குரல் ஏன் இப்படி இருக்கு?” என்றாய். “சளி எய்யா” என்றாள். அந்த நேரம் பார்த்து வெளியே வராந்தாவில் சாப்பாட்டுத் தள்ளுவண்டி வந்தது. ஒரு சக்கரம் கிறீச்சிட, எவர்சில்வர் தட்டெல்லாம் மோதிக்கொண்டு போயிற்று. “பின்னாடி என்னம்மா சத்தம்?” என்று கேட்டாய். அவள் பதில் சொல்லாமல் என்னைப் பார்த்தாள். நான் காற்றில் விரலால் ஒரு பெட்டி வரைந்து, டிவி, டிவி என்று வாயசைத்தேன். அப்படியும் கொஞ்ச நேரம் சும்மாவே இருந்தாள். பிறகு, “டிவி ஓடுது எய்யா. ஒங்கப்பா சவுண்டு கூட்டி வச்சிருக்காவ” என்றாள். நீ அதற்கு ஏதோ சொன்னாய், சிரித்தாய். “நல்லாச் சாப்பிடு, என்ன” என்று சொல்லிவிட்டுப் போனை என்னிடம் நீட்டினாள்.

போனை வைத்ததும், “நல்லவேள, கண்டுபிடிக்கல” என்று நான் சிரித்தேன். அவள் சிரிக்கவில்லை. “கண்டுபிடிச்சிருவான்னு பாத்தேன்” என்றாள்.

அதை நான் அன்று எப்படி எடுத்துக்கொண்டேன் தெரியுமா? அவளும் பயந்துபோயிருந்தாள், தப்பித்தோம் என்று சொல்கிறாள் என்று. ரெண்டு வருஷம் கழித்து ஒருநாள் பல் தேய்த்துக்கொண்டிருக்கும்போது அந்தக் குரல் சரியாகக் காதில் விழுந்தது. அது பயந்த குரல் இல்லை, தம்பி. அவள் என் பேச்சை மீறவில்லை. ஆனால் நீயாகக் கண்டுபிடித்துவிட்டால் அவள் மீறியதாகாது. அதற்காகத்தான் பதில் சொல்லாமல் அவ்வளவு நேரம் இருந்தாள். உனக்காக அந்த இடைவெளியை விட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். நான் பக்கத்தில் நின்று காற்றில் பெட்டி வரைந்துகொண்டிருந்தேன்.

ஐந்தாவது பேப்பரும் முடிந்தது. கடைசிப் பேப்பர் வியாழக்கிழமை. “வியாழக்கிழமை எழுதிட்டு அன்னைக்கே ரயில் ஏறச் சொல்லுங்க” என்று செவ்வாய்க்கிழமை சொன்னாள். புதன்கிழமை காலை ஒன்பது மணி சுமாருக்குப் போய்விட்டாள். நான் கீழே காப்பி வாங்கப் போயிருந்தேன். மேலே வந்தபோது நர்ஸ் திரையை இழுத்துவிட்டிருந்தாள்.

அதற்குப் பிறகாவது எனக்குப் புத்தி வந்திருக்க வேண்டும். வரவில்லை. உன் வார்டனுக்குப் போன் செய்தேன். நல்ல மனுஷன். பையனிடம் சொல்ல வேண்டாமா என்று ரெண்டு தடவை கேட்டார். “பரீட்சை முடியட்டும் சார்” என்றேன். பெற்றவள் ஐஸ் ரூமில் கிடக்கிறாள், பிள்ளை உட்கார்ந்து பரீட்சை எழுதுகிறான், நான் அதற்குக் காவல் இருந்தேன். அந்தப் பரீட்சை அக்டோபரிலும் நடக்கும், தம்பி. வருடத்துக்கு ரெண்டு தடவை நடக்கிற பரீட்சை அது. இதை மட்டும் நீ புத்திமதியாகவே எடுத்துக்கொள்: எதையாவது ஒன்றை விட்டால்தான் இன்னொன்று என்று நிற்கும்போது, இதில் எது மறுபடியும் வரும், எது வராது என்று மட்டும் கேள். உன் மேனேஜர் எத்தனை அவசரம் என்று சொன்னாலும் கேள். எனக்கு அந்தக் கேள்வி கேட்கத் தோன்றவில்லை. ஒரு மில்லிமீட்டரில் நூறில் ஒரு பங்கு கூடினாலும் கண்டுபிடித்து ஒதுக்கியவன் நான்.

வெள்ளிக்கிழமை காலை நீ வந்தாய். அம்மாவுக்கு உடம்பு சரியில்லை என்று மட்டும் வார்டன் சொல்லி அனுப்பியிருந்தார். மூன்றாவது மாடிக்கு ஏறி வந்தவன், நம் வீட்டு வாசலில் அத்தனை செருப்புகளைப் பார்த்ததும் படியிலேயே நின்றுவிட்டாய். காக்குதான் வந்து உன் கையைப் பிடித்து உள்ளே கூட்டிக்கொண்டு வந்தார். உன் சட்டைப்பையில் பரீட்சை எழுதிய பேனா அப்படியே இருந்தது. அம்மாமேல் நீ குனிந்தபோது அது அவள் கழுத்தோரம் விழுந்தது. யாரோ எடுத்து என்னிடம் கொடுத்தார்கள். இந்தக் கடிதம் அந்தப் பேனாவில் எழுதியதுதான்.

எல்லாம் முடிந்து வந்து உட்கார்ந்தபோது, எல்லோர் முன்னாலும் கேட்டாய்: “எனக்குச் சொல்ல வேணாம்னு யார் முடிவு பண்ணது?” திருநெல்வேலியிலிருந்து சித்தப்பா வந்திருந்தார், மாமா வந்திருந்தார், காக்கு கதவோரம் நின்றார். எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். “அம்மாதான். உன் பரீட்ச கெடக்கூடாதுன்னு எங்கிட்ட சத்தியம் வாங்கிக்கிட்டா” என்றேன். எவ்வளவு சுலபமாக வந்தது தெரியுமா! ஒரு நிமிஷம் யோசிக்கவில்லை. என்ன தாய், என்ன தாய் என்று எல்லோரும் கண்ணைத் துடைத்தார்கள். அவள் வந்து இல்லை என்று சொல்லப் போகிறாளா என்ன? நீ மட்டும் எழுந்து பால்கனிக்குப் போனாய்.

மறு வருடம் அவள் திவசத்தன்று காலையில் எதிரெதிரே உட்கார்ந்து இட்லி சாப்பிட்டுக்கொண்டிருந்தோம். “அம்மாவுக்கு நான் வேணாம், என் ரிசல்ட்தான் வேணும்னு இருந்திருக்கு. இல்லப்பா?” என்றாய். அவ்வளவு சாந்தமாகக் கேட்டாய். அதற்குப் பிறகு, “எனக்கும் அறிவு இல்ல. குரல் மாறிப்போச்சுன்னு தெரிஞ்சும் விட்டுட்டேன்” என்றாய். அந்த நிமிஷம் நான் வாயைத் திறந்திருந்தால் உனக்கு ரெண்டு பாரமும் இறங்கியிருக்கும். நான் இன்னொரு இட்லி எடுத்துப் போட்டுக்கொண்டேன். என் வாழ்க்கையில் செய்ததிலேயே கேவலமான காரியம் எது என்று கேட்டால், ஆஸ்பத்திரியில் செய்ததைச் சொல்ல மாட்டேன். அது புத்தி கெட்டுப்போய்ச் செய்தது. இந்த இட்லியைத்தான் சொல்வேன். தெரிந்தே சாப்பிட்டேன்.

அதற்குப் பிறகு திவசத்துக்கு உனக்கு ஆபீசில் ஏதாவது வேலை வந்துவிடும். வாகட்டுக்கு வீடு மாறினபோது, ஃபிரேம் போட்ட அவள் படத்தைப் பேப்பரில் சுற்றி அலமாரிமேல் வைத்துவிட்டு, அப்புறம் எடுத்துக்கிறேன் என்றாய். நான் எடுத்துக் கொடுக்கவில்லை. எந்த முகத்தோடு கொடுப்பேன்? செத்துப்போனவளிடமிருந்து அவள் பிள்ளையையும் நான் பிடுங்கிக்கொண்டேன். நீ என்னிடம் மரியாதையாக இருந்தாய், மாதம் ரெண்டு தடவை வந்தாய், அவளுக்கு வர வேண்டிய கோபமில்லாத முகம் எனக்குக் கிடைத்தது. அதை வைத்துக்கொண்டு நாலு வருஷம் ஓட்டிவிட்டேன்.

நீ மூன்று தடவை கேட்டாய், தம்பி. முறுக்குச் சுடும்போது கேட்டாய், குரலைப் பற்றிக் கேட்டாய், சத்தத்தைப் பற்றிக் கேட்டாய். இருபது வயது சொச்சத்தில், பரீட்சைக்கு நடுவில், இதற்குமேல் எந்தப் பிள்ளை கேட்பான்? நாங்கள்தான் மூன்று தடவையும் பொய் சொன்னோம், அதில் ஒன்றை நான் சொல்லச் சொல்லி அவள் சொன்னாள். உன்மேல் ஒரு குறையும் இல்லை. அவள்மேலும் இல்லை. அவளுக்கு நீதான் வேண்டியிருந்தது. ரிசல்ட் வேண்டியிருந்தது எனக்கு.

மன்னித்துவிடு என்று கேட்க ஆசையாக இருக்கிறது. கேட்டால் நீ சரி என்று சொல்லிவிடுவாய், நீ அப்படிப்பட்ட பிள்ளை. அம்மாவும் அன்று சரி என்றுதான் சொன்னாள். அதனால் கேட்கவில்லை. உனக்குக் கோபம் வந்தால் வரட்டும். எத்தனை நாள் வேண்டுமோ அத்தனை நாள் இருக்கட்டும். ஆனால் அதை என்மேல் வை, இடம் மாற்றி வைத்துவிடாதே.

இப்போது அந்தப் பேப்பருக்கு அடியில் இருந்ததைச் சொல்கிறேன். என் ஆஞ்சியோகிராம் ரிப்போர்ட். மூன்று இடத்தில் அடைப்பு, நெஞ்சைத் திறந்து பைபாஸ் செய்ய வேண்டும் என்கிறார்கள். நீ கிளம்பி மூன்றாவது வாரம் நாள் குறித்திருக்கிறது. பயப்பட வேண்டாம் என்று டாக்டர் சொன்னார், ஆனால் எனக்குப் பயமாகத்தான் இருக்கிறது. அம்மா இருந்த ஆஸ்பத்திரி இல்லை இது. அங்கே போக எனக்குக் கால் வராது. சித்தப்பா ஊரிலிருந்து வருகிறார், காக்குவின் மகன் கூட இருப்பதாகச் சொல்லியிருக்கிறான், ஆள் இல்லை என்ற பேச்சுக்கு இடமில்லை. ஞாயிற்றுக்கிழமை நீ கேட்டபோது சொல்லாமல் விட்டேன். உன் பயணம் கெடக்கூடாது என்று நினைத்தேன். நீ போய், பைக் சத்தம் தெரு முனையில் அடங்கியபிறகுதான், இதே வார்த்தையை முன்னால் எங்கே கேட்டோம் என்று உறைத்தது.

நீ விமானம் ஏறினபிறகு கிடைக்கிற மாதிரி இதைத் தபாலில் போடலாமா என்றுகூட யோசித்தேன். அதுவும் அதே பழைய புத்திதான். காக்குவின் மகன் நாளைக்கு உன் பக்கம் வருகிறான், அவன் கையில் கொடுத்துவிடுகிறேன். நீ போகலாம். நாளைத் தள்ளிப் போட்டுவிட்டு இருக்கலாம். போய்விட்டு நடுவில் வரலாம். போ என்றோ இரு என்றோ நான் சொல்ல மாட்டேன். உனக்காக நான் முடிவு செய்ததெல்லாம் போதும். அலமாரிமேலிருந்து அம்மா படத்தை இறக்கித் துடைத்து வைத்திருக்கிறேன். எடுத்துக்கொண்டு போவதாக இருந்தால் வா.

ஒருவேளை நீ போவதாக இருந்தால், நான் ஆஸ்பத்திரியில் இருக்கும் ஞாயிற்றுக்கிழமைகளில் இந்திய நேரம் காலை பத்து மணிக்குப் போன் செய். எப்படி இருக்கீங்க என்று கேள். நான் நல்லா இருக்கேன் என்று சொன்னால் மறுபடியும் கேள். பின்னால் ஏதாவது சத்தம் கேட்டால் அது என்ன என்றும் கேள். தள்ளுவண்டி போனால், தள்ளுவண்டி என்றே சொல்கிறேன்.

உன் அப்பா